கொழுந்துக் கணக்கைக் கணினிக்கு ஏற்றுவோருக்கு: பார்சரை நீங்களே எழுத வேண்டாம்

இலங்கையின் மலையகத்தில் கணினி படித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒருவருக்கு முதலில் வந்து சேரும் வேலை, பெரும்பாலும் அக்கம்பக்கத்திலிருந்தே வருகிறது. தோட்ட அலுவலகத்தில் இருக்கும் உறவினர் ஒருவர் தேயிலைக் கொழுந்து நிறுவைப் பதிவு அடங்கிய எக்செல் கோப்பைத் தந்து, மாத முடிவில் ஆளுக்கு எத்தனை கிலோ என்று கூட்டித் தரச் சொல்வார். கோயில் திருவிழாக் குழு வரிப்பணப் பட்டியலைக் கொண்டுவரும், மரண உதவிச் சங்கம் அங்கத்தவர் விவரத்தைக் கொண்டுவரும். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படித்தவர்களுக்குப் பைதன் என்ற கணினி மொழி ஓரளவு பழக்கம் என்பதால், கோப்பைத் திறந்து வரி வரியாக வாசித்துக் காற்புள்ளி வரும் இடத்திலெல்லாம் வெட்டினால் வேலை முடிந்தது என்று உடனே தோன்றும். அப்படி எழுதும் பத்து வரிகள்தாம் ஒரு பார்சரின் தொடக்கம். கோப்பில் உள்ள எழுத்துகளின் தொடரை வாசித்து, அதிலிருந்து நிரை, நிரல், எண், பெயர் என்ற அமைப்பைப் பிரித்தெடுக்கும் செய்நிரற் பகுதிக்கே பார்சர் என்று பெயர். அந்தப் பத்து வரிகளை எழுதாமல், லைப்ரரி ஒன்றை, அதாவது பிறர் ஏற்கெனவே எழுதிச் சோதித்து வைத்த செய்நிரல் தொகுப்பு ஒன்றை எடுத்து அதே வேலையைச் செய்வது எப்படி என்பதைப் புதியவர்களுக்காக இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உதாரணங்கள் பைதனில் இருந்தாலும், வேறு மொழியில் எழுதுவோருக்கும் வழி ஒன்றுதான்.

காற்புள்ளியில் வெட்டினால் நடப்பது

பின்வரும் வரியைப் பாருங்கள். இது நிறுவைப் பதிவில் ஓர் ஆளின் ஒருநாள் கணக்கு. பதிவு இலக்கம், பெயர், முகவரி, திகதி, காலை நிறுவை, பகல் நிறுவை, மாலை நிறுவை என ஏழு நிரல்கள் இதில் உள்ளன.

0417,இராசம்மா,"மேற்பிரிவு, 3ஆம் இலக்க லயம், லிந்துலை",03/04/2025,8.5,9,6

மனிதக் கண்ணுக்கு இது ஏழு பகுதிகள். காற்புள்ளியில் வெட்டும் செய்நிரலுக்கோ ஒன்பது துண்டுகள், ஏனெனில் முகவரிக்குள் இரண்டு காற்புள்ளிகள் இருக்கின்றன. ஐந்தாவது இடத்தில் காலை நிறுவை இருக்கும் என்று நம்பிப் போனால் அங்கே லிந்துலை நிற்கும், ஆறாவது இடத்தில் திகதி நிற்கும், ஏழாவது இடத்தில் மாலை நிறுவையான 6 இருப்பதற்குப் பதிலாகக் காலை நிறுவையான 8.5 நிற்கும். லிந்துலையை எண்ணாக மாற்ற முயன்று செய்நிரல் நின்றுவிட்டால் அது நல்லகாலம். புதியவர்கள் பலர் அந்தப் பிழைச் செய்தியை அடக்குவதற்காக, எண்ணாக மாறாதவற்றைச் சுழியம் என்று எடுத்துக்கொள்ளும்படி ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். அதன்பின் செய்நிரல் சத்தமில்லாமல் ஓடும். 23.5 கிலோ பறித்தவருக்கு 8.5 கிலோ என்று கணக்கு வரும். நாளுக்குக் குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடப்படும் தோட்டத்தில் இது யாருடைய சம்பளத்தில் போய் விழும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

முகவரியைச் சுற்றி இரட்டை மேற்கோட்குறி இடப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். எக்செல் பட்டியலை இப்படிக் காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பாகச் சேமிக்கும் வடிவத்துக்குச் சிஎஸ்வி என்று பெயர். அந்த வடிவத்தில் மேற்கோட்குறிக்குள் வரும் காற்புள்ளி பிரிப்பானாகக் கருதப்படாது. மேற்கோட்குறியே உள்ளே வந்தால் அதை இரட்டித்து எழுத வேண்டும். எக்செலில் ஒரு கலத்துக்குள் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு என்டர் தட்டினால் பிறக்கும் வரிமுறிவும் குறிக்குள் இருக்கும்வரை அதே நிரையைச் சேர்ந்ததே. இந்த வழக்கங்கள் 2005 ஒக்டோபரில் ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணத்தில் தொகுத்து எழுதப்பட்டன. ஆனால் சிஎஸ்வி அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே புழங்கி வந்தது, அந்த ஆவணத்தை மதிக்காத கோப்புகளும் ஏராளம். லைப்ரரி எழுதியவர்கள் இந்த விலகல்களையும் ஆண்டுக்கணக்காகச் சந்தித்து ஒவ்வொன்றாகச் சேர்த்திருக்கிறார்கள்.

இதுவரை சொன்னது எந்த நாட்டுக்கும் பொருந்தும். இலங்கையில் தமிழ்க் கோப்போடு வேலை செய்பவருக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு, அது பாமினி எழுத்துரு. நம் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பழைய பட்டியல்கள் பல இன்னும் பாமினியில்தான் இருக்கின்றன. பாமினியில் திரையில் தமிழாகத் தெரிவது கோப்புக்குள் ஆங்கில விசைப்பலகைக் குறிகளாகவே சேமிக்கப்படுகிறது. அந்த ஏற்பாட்டில் இ என்ற எழுத்துக்கு ஒதுக்கப்பட்ட குறி காற்புள்ளி, மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒதுக்கப்பட்டது அரைப்புள்ளி. ஆகவே பாமினியில் தட்டச்சான இராசம்மா என்ற பெயர் ஒரு காற்புள்ளியோடு தொடங்குகிறது, நடுவில் ஓர் அரைப்புள்ளியும் வருகிறது. இராமசாமி, இலெட்சுமி, இந்திராணி என்று இகரத்தில் தொடங்கும் பெயர் நம் பட்டியல்களில் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எக்செல் இத்தகைய கலங்களைச் சேமிக்கும்போது தானாகவே மேற்கோட்குறிக்குள் இட்டுவிடுகிறது, முறையான சிஎஸ்வி லைப்ரரியும் அதைச் சரியாகவே திருப்பி வாசிக்கிறது. காற்புள்ளியில் வெட்டும் பத்து வரிச் செய்நிரலோ அந்தப் பெயர்கள் அனைத்தையும் சிதைத்துவிடும்.

முதலில் கோப்பைப் பாருங்கள்

லைப்ரரியைத் தேடுவதற்கு முன் கையிலிருப்பது என்ன கோப்பு என்று அறிய வேண்டும். வந்த சிஎஸ்வி கோப்பின் பிரதி ஒன்றை வேறு கோப்புறையில் வைத்து, மூலத்தைத் தொடாதீர்கள். பிரதியை எக்செலில் திறக்காமல் நோட்பேட் போன்ற எளிய எழுத்துத் தொகுப்பானில் திறந்து, பிரிப்பான் காற்புள்ளியா, அரைப்புள்ளியா, டேப் இடைவெளியா என்றும், முதல் வரி தலைப்பு வரியா என்றும், தமிழ்ப் பெயர்கள் தமிழாகத் தெரிகின்றனவா, அல்லது புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். கடைசியாகச் சொன்னபடி இருந்தால் அது பாமினியாகவோ வேறு பழைய எழுத்துருவாகவோ இருக்கும்.

எக்செலில் சேமிக்கும்போதே கவனிக்க வேண்டியதும் உண்டு. சாதாரண சிஎஸ்வி என்ற தெரிவில் சேமித்தால் யுனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறி தரும் பொது முறை) தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும், அந்தக் கோப்பிலிருந்து அவற்றை மீட்க எந்த லைப்ரரியாலும் முடியாது. யுனிகோட் எழுத்துகளைக் காக்கும் சிஎஸ்வி யுடிஎஃப்-8 என்று தனியாக இருக்கும் தெரிவையே எடுக்க வேண்டும். கோப்பைத் தருபவரிடம் இதை ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

கையிலிருக்கும் லைப்ரரியே போதும்

புதியவர்கள் லைப்ரரி என்றதும் இணையத்தில் தேடத் தொடங்குகிறார்கள். சிஎஸ்விக்கு அது தேவையில்லை. பைதனோடு சேர்ந்தே வரும் சிஎஸ்வி என்ற கூறு, 2003இல் வெளியான 2.3ஆம் பதிப்பிலிருந்தே அதில் இருக்கிறது. ஒருமுறை பைதனை நிறுவிவிட்டால், சிக்னல் இல்லாத லயத்து அறையிலும் அது இயங்கும். பிஎச்பியில் எழுதுவோர் எக்ஸ்புளோட் கட்டளையால் வெட்டுவதை விட்டு எஃப்கெட்சிஎஸ்வி என்ற உள்ளமைந்த கட்டளையைப் பயன்படுத்தலாம். ஜாவாவுக்கு அப்பாச்சி கொமன்ஸ் சிஎஸ்வியும், ஜாவாஸ்கிரிப்டுக்குப் பாப்பா பார்ஸும், சி ஷார்ப்புக்குச் சிஎஸ்வி ஹெல்பரும் உள்ளன.

பைதனில் செய்ய வேண்டியவை இவை. செய்நிரலின் முதல் வரியில் இம்போர்ட் கட்டளையால் சிஎஸ்வி கூறை அழையுங்கள். அடுத்து ஓப்பன் கட்டளையால் கோப்பைத் திறக்கும்போது இரண்டு விடயங்களைத் தவறாமல் குறிப்பிடுங்கள். ஒன்று, என்கோடிங் (எழுத்துக் குறியாக்கம்) என்ற இடத்தில் யுடிஎஃப்-8-சிக் என்று எழுதுவது. மற்றது, நியூலைன் என்ற இடத்தில் வெறுமையான சரத்தை (எழுத்துத் தொடரை) கொடுப்பது. பின்னதை விட்டுவிட்டால் கலத்துக்குள் இருக்கும் வரிமுறிவுகள் பிழையாக வாசிக்கப்படலாம் என்று பைதனின் ஆவணமே எச்சரிக்கிறது. முன்னதற்கும் காரணம் உண்டு. எக்செல் யுடிஎஃப்-8 கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் அடையாளம் ஒன்றை வைக்கிறது. சிக் என்ற ஒட்டு இல்லாமல் திறந்தால் அந்த அடையாளம் முதல் நிரலின் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். பதிவு இலக்கம் என்ற தலைப்பு திரையில் சரியாகத் தெரியும், ஆனால் அந்தப் பெயரில் நிரலே இல்லை என்று செய்நிரல் சாதிக்கும். காரணம் தெரியாதவர் ஒரு மாலைப்பொழுதையே இதில் தொலைக்கலாம்.

என்கோடிங்கைக் குறிப்பிடாமலே விட்டால் விண்டோஸ் கணினியில் பைதன் பழைய மேலைநாட்டுக் குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளக்கூடும். அப்போது செய்நிரல் பிழை காட்டி நிற்கலாம், அல்லது ஒரு தமிழ்க் குறி மூன்று ஐரோப்பிய எழுத்துகளாக உடைந்து தெரியலாம், ஏனெனில் யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளில் சேமிக்கப்படுகிறது.

திறந்த கோப்பை டிக்ட்ரீடர் என்ற வாசிப்பானிடம் கொடுங்கள். அது தலைப்பு வரியை வாசித்து, ஒவ்வொரு நிரையையும் தலைப்புப் பெயரோடு பொருத்தித் தரும். ஐந்தாவது நிரல், ஆறாவது நிரல் என்று எண்ணிக்கொண்டிராமல் காலை நிறுவை, பகல் நிறுவை என்று பெயர் சொல்லியே கேட்கலாம். அடுத்த மாதம் அலுவலகத்தில் ஒருவர் நடுவில் புதிய நிரல் ஒன்றைச் சேர்த்தாலும் உங்கள் செய்நிரல் குழம்பாது. ஒரு நிரையில் தலைப்பைவிட அதிகமான பகுதிகள் இருந்தால் டிக்ட்ரீடர் மிகுதியை நன் என்ற வெற்றுப் பெயரின்கீழ் வைக்கும், குறைவாக இருந்தால் விடுபட்ட நிரல்களுக்கு நன் என்ற வெற்று மதிப்பையே தரும். இந்த இரண்டையும் சோதித்து, அப்படிப்பட்ட நிரைகளைக் கணக்கில் சேர்க்காமல் தனிப் பட்டியலில் ஒதுக்கும் வரியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

பாமினியிலிருந்து யுனிகோட்டுக்கு

பழைய எழுத்துருவிலிருந்து மாற்றுவதற்கும் சொந்தமாக அட்டவணை எழுதத் தொடங்காதீர்கள். பாமினியில் கொ என்ற எழுத்தைத் தட்டும்போது கொம்பு முதலிலும், ககரம் நடுவிலும், கால் கடைசியிலும், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்படுகின்றன. யுனிகோட்டில் ககரம் முதலில் வந்து உயிர்க்குறி அதன்பின் வர வேண்டும். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கொட்டகலையும் பொகவந்தலாவையும் முதல் எழுத்திலேயே உடைந்துபோகும். இந்த வரிசை மாற்றத்தையெல்லாம் கவனித்து எழுதப்பட்ட மாற்றிகள் ஓப்பன்-தமிழ் என்ற திறந்த மூல லைப்ரரியில் உள்ளன, பாமினியும் அவற்றுள் ஒன்று.

ஆனால் எதை முதலில் செய்வது என்பதில் கவனம் வேண்டும். சிஎஸ்வி கோப்பு முழுவதையும் முதலில் மாற்றியிடம் கொடுத்தால், அது பிரிப்பானாக நிற்கும் ஒவ்வொரு காற்புள்ளியையும் இ என்று மாற்றிவிடும். நிரல்கள் அழிந்து, ஒவ்வொரு நிரையும் இகரங்களால் கோத்த ஒரே நீண்ட சரமாக மிஞ்சும். ஆகவே சிஎஸ்வி லைப்ரரியால் நிரல்களைப் பிரித்த பிறகு, பெயர், முகவரி போன்று தமிழில் தட்டச்சான நிரல்களை மட்டும் மாற்றியிடம் கொடுங்கள்.

யுனிகோட்டில் வந்த பெயர்களிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கொ என்பதிலுள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது, கணினிக்கோ அவை வெவ்வேறு சரங்கள். கொட்டகலை என்று தொகுத்துப் பார்த்தால் ஒரே ஊர் இரண்டு வரிகளில் வரும். பைதனோடு வரும் யுனிகோட்டேட்டா கூறில் நோர்மலைஸ் என்ற கட்டளை இருக்கிறது. அதில் என்எஃப்சி என்ற முறையைக் குறிப்பிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். பெயரையும் ஊரையும் ஒப்பிடுவதற்கு முன் இதைச் செய்வதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

லைப்ரரியின் எல்லையும் இங்கே தெரிகிறது. கௌரி என்ற பெயரை ஔகாரக் குறியோடு தட்டுவோர் சிலர், கொம்பும் ளகரமுமாகக் கெளரி என்று தட்டுவோர் பலர். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகத் தெரிந்தாலும் யுனிகோட் விதிப்படி இவை வேறு சொற்கள், என்எஃப்சி இவற்றை ஒன்றாக்காது. பார்சர் எழுதாமல் மிச்சப்படுத்திய நேரத்தைச் செலவிட வேண்டியது இத்தகைய இடங்களில்தான். கோப்பின் வடிவம் லைப்ரரிக்குத் தெரியும், அதிலிருக்கும் ஆட்களை உங்களுக்கும் கணக்கப்பிள்ளைக்கும்தான் தெரியும்.

எண், திகதி, அடையாள அட்டை

சிஎஸ்வி கூறு எதையும் ஊகிக்காமல் எல்லாவற்றையும் சரமாகவே தருகிறது. 8.5 என்பதை நிறுவையாக மாற்றுவதும், 03/04/2025 என்பதைத் திகதியாக மாற்றுவதும் உங்கள் பொறுப்பு. சிலர் இதைக் குறையாகக் கருதுவார்கள், புதியவருக்கு இதுவே பாதுகாப்பு என்பது என் கருத்து.

பண்டாஸ் என்ற பெரிய லைப்ரரியை எடுத்துப் பாருங்கள். அது வலிமையானது, பல இலட்சம் நிரைகளையும் தாங்கும், நம் பாடநெறிகளில் பலர் முதலில் கற்பிப்பதும் அதைத்தான். ஆனால் அதன் வாசிப்புக் கட்டளை ஒவ்வொரு நிரலின் வகையையும் தானாகவே ஊகிக்கிறது. 0417 என்ற பதிவு இலக்கம் 417 ஆகிவிடும். சுழியத்தில் தொடங்கும் பத்து இலக்கத் தொலைபேசி எண் முன்சுழியத்தை இழக்கும். அந்த நிரலில் ஒரு கலம் வெறுமையாக இருந்தால் மற்ற எண்களின் கடைசியில் புள்ளி சுழியமும் ஒட்டிக்கொள்ளும். இதைத் தவிர்க்க, வாசிக்கும்போதே டிடைப் என்ற இடத்தில் எஸ்டிஆர் என்று கொடுத்து அனைத்தையும் சரமாக வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு எண்ணாக வேண்டிய நிரல்களை மட்டும் மாற்றுங்கள். ஒரு தோட்டத்தின் மாதக் கணக்கு அளவிலான கோப்புக்குப் பண்டாஸே தேவையில்லை என்பேன்.

தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் பாதிப்பு இன்னும் முன்னதாகவே, எக்செலிலேயே நடந்துவிடுகிறது. பழைய இலக்கம் ஒன்பது எண்களோடு ஓர் எழுத்தைக் கொண்டது என்பதால் எக்செல் அதைச் சரமாகவே விட்டுவிடும். 2016 முதல் வழங்கப்படும் புதிய இலக்கமோ 12 எண்களால் மட்டுமே ஆனது. பொது வடிவத்திலுள்ள கலத்தில் 12 எண்களைத் தட்டினால் எக்செல் அதைப் பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டும், சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது அந்தச் சுருக்கத்தையே எழுதும். பின்னால் வரும் எண்கள் போனவை போனவைதான். தட்டச்சுச் செய்வதற்கு முன்பே அந்த நிரலைச் சர வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும்படி அலுவலகத்தில் சொல்லிவையுங்கள். புதிய இலக்கத்தின் முதல் நான்கு எண்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். இந்த விதியை வைத்துப் பதிவுகளைச் சரிபார்க்கும் சிறு பகுதியை நீங்களே எழுதலாம்.

திகதியில் ஊகத்துக்கு இடமே கொடுக்காதீர்கள். நாம் 03/04/2025 என்று எழுதினால் அது ஏப்ரல் 3. பண்டாஸின் திகதி மாற்றி, டேஃபர்ஸ்ட் என்று சொல்லாவிட்டால், அதை மார்ச் 4 என்றே கொள்ளும். பைதனின் டேட்டைம் கூறில் உள்ள எஸ்டிஆர்பிடைம் கட்டளையில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையை நீங்களே எழுதிக் கொடுக்கலாம். பொருந்தாத திகதி வந்தால் அது பிழை காட்டி நிற்கும், நமக்கு வேண்டியதும் அதுதான்.

வெறுமையான நிறுவைக் கலத்தைச் சுழியமாக்குவது சரியா என்று கேட்பார்கள். அன்று அவர் வேலைக்கு வரவில்லையா, மழையால் மாலை நிறுவையே நடக்கவில்லையா, எழுத மறந்தார்களா என்று எந்த லைப்ரரிக்கும் தெரியாது. அந்த நிரையை ஒதுக்கிவைத்துக் கணக்கப்பிள்ளையிடம் கேளுங்கள். சம்பளப் பணத்தைக் கணக்கிடும் இடத்தில் சாதாரணத் தசம எண்ணைப் பயன்படுத்தாமல் டெசிமல் என்ற கூறைப் பயன்படுத்துங்கள், ஏனெனில் சாதாரணத் தசம எண்ணில் 0.1உம் 0.2உம் கூட்டினால் சரியாக 0.3 வருவதில்லை.

வெளியிலிருந்து லைப்ரரி எடுக்கும்போது

ஓப்பன்-தமிழ், பண்டாஸ் போன்றவை பைதனோடு வருவதில்லை. பைபிஐ என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து பிப் கட்டளையால் நிறுவ வேண்டும். அதற்கு முன் வெண்வ் கட்டளையால் இந்த வேலைக்கென்று தனிச் சூழல் ஒன்றை உருவாக்குங்கள். அப்போது ஒரு வேலைக்காக நிறுவியது இன்னொன்றைக் குழப்பாது.

எல்லா இடத்திலும் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பதில்லை, டேட்டாவும் விரைவில் தீர்ந்துபோகிறது. பிப் டவுன்லோட் என்ற கட்டளை லைப்ரரியையும் அது சார்ந்திருக்கும் மற்ற லைப்ரரிகளையும் நிறுவாமல் ஒரு கோப்புறையில் இறக்கி வைக்கும். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ நல்ல இணைப்புள்ள இடத்தில் ஒருமுறை இறக்கி, பென் டிரைவில் எடுத்துவந்து, பிப் இன்ஸ்டோல் கட்டளையில் நோ-இண்டெக்ஸ் என்ற தெரிவையும் ஃபைண்ட்-லிங்க்ஸ் என்ற தெரிவில் அந்தக் கோப்புறையின் பெயரையும் கொடுத்தால் இணையமே இல்லாமல் நிறுவலாம். இறக்கும் கணினியும் நிறுவும் கணினியும் ஒரே இயங்குதளத்தையும் ஒரே பைதன் பதிப்பையும் கொண்டிருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பெயரை எழுத்துக்கு எழுத்து சரிபார்த்த பிறகே நிறுவ வேண்டும். 2019 டிசம்பரில், ஜெல்லிஃபிஷ் என்ற நல்ல லைப்ரரியின் பெயரில் சிறிய எல் எழுத்து ஒன்றுக்குப் பதிலாகப் பார்வைக்கு அதேபோல் இருக்கும் பெரிய ஐ எழுத்தை வைத்துப் பதிவேற்றப்பட்ட போலி ஒன்று பைபிஐயிலிருந்து நீக்கப்பட்டது. நிறுவியவர்களின் கணினியிலிருந்து இரகசியச் சாவிகளைத் திருடுவதே அதன் வேலை. லைப்ரரியின் அதிகாரபூர்வ ஆவணப் பக்கத்தில் இருக்கும் நிறுவல் வரியைப் பிரதி செய்வது பாதுகாப்பான வழி. கடைசிப் பதிப்பு எப்போது வெளியானது, உரிமம் என்ன என்பவற்றையும் அதே பக்கத்தில் பாருங்கள். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி உரிமங்கள் நம்மைப் போன்றவர்களின் வேலைக்கு இடைஞ்சல் தருவதில்லை. ஜிபிஎல் உரிமமுள்ளதைச் சேர்த்துச் செய்த மென்பொருளை விற்க நினைப்பவர் நிபந்தனைகளை வாசித்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

எதற்கெடுத்தாலும் லைப்ரரி என்பதும் நல்லதல்ல. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினொரு வரி ஜாவாஸ்கிரிப்ட் துணுக்கை அதை எழுதியவர் களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, அதைச் சார்ந்திருந்த எத்தனையோ மென்பொருள்களைக் கட்டியெழுப்ப முடியாமல் போனது. மூன்று நிறுவைகளைக் கூட்டுவதற்கும், பெயரின் ஓரத்திலுள்ள வெற்றிடத்தை நீக்குவதற்கும் யாருடைய உதவியும் வேண்டாம். விதிகள் பல கொண்ட கோப்பு வடிவம், எழுத்துக் குறியாக்கம், திகதி ஆகியவற்றுக்கு லைப்ரரியை எடுங்கள்.

ஆவணங்கள் ஆங்கிலத்தில் இருப்பது தமிழ்மொழி மூலம் படித்தவர்களுக்குத் தயக்கம் தருவது இயல்பே. விளக்கப் பந்திகளை விட்டு முதலில் உதாரணச் செய்நிரல்களை மட்டும் தட்டி ஓட்டிப் பார்த்தால் பாதி விளங்கிவிடும். பைதனுக்குள்ளேயே ஹெல்ப் என்று எழுதி அடைப்புக்குள் கூறின் பெயரைக் கொடுத்தால் இணையம் இன்றியும் விளக்கம் கிடைக்கும்.

ஓட்டிப் பார்த்தல்

உண்மைக் கோப்பை ஓட்டுவதற்கு முன் எட்டுப் பத்து நிரைகள் கொண்ட சோதனைக் கோப்பொன்றை எக்செலில் நீங்களே செய்யுங்கள். முகவரியில் காற்புள்ளி உள்ள ஒரு நிரை, கலத்துக்குள் வரிமுறிவு உள்ள ஒன்று, பெயருக்குள் மேற்கோட்குறி உள்ள ஒன்று, வெறுமையான நிறுவை, முன்சுழியமுள்ள இலக்கம், பாமினியில் இகரத்தில் தொடங்கும் பெயர் ஆகிய அனைத்தும் அதில் இருக்கட்டும். இவை சரியாக வந்தால் உண்மைக் கோப்பை ஓட்டி, ஏற்ற நிரைகளையும் ஒதுக்கிய நிரைகளையும் கூட்டிய எண்ணிக்கை எக்செலில் தெரியும் நிரைகளின் எண்ணிக்கைக்குச் சமமா என்று பாருங்கள். அதன்பின் ஏதாவது ஒரு நாளின் மொத்தக் கிலோவைத் தோட்டத்தின் நிறுவைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு கிலோ வேறுபட்டாலும் காரணம் தெரியும்வரை அறிக்கையைக் கொடுக்காதீர்கள்.

வேறு வடிவங்கள்

கைத்தொலைபேசிச் செயலிகளிலிருந்தும் இணையச் சேவைகளிலிருந்தும் வரும் தரவு பெரும்பாலும் ஜேசன் வடிவில் இருக்கும். பைதனோடு வரும் ஜேசன் கூறே அதற்குப் போதும். ஜேசன் பார்வைக்குப் பைதன் எழுத்துப்போலவே இருப்பதால் இவால் கட்டளையால் வாசித்துவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். கோப்புக்குள் யாராவது கட்டளை ஒன்றை ஒளித்து வைத்திருந்தால் இவால் அதையும் நிறைவேற்றிவிடும் என்பதால் அந்த வழியை மறந்துவிடுங்கள். யாமல் என்ற வடிவிலுள்ள கோப்பாயின் சேஃப்லோட் கட்டளையைப் பயன்படுத்துங்கள். வெளியாரிடமிருந்து வரும் எக்ஸ்எம்எல் கோப்பாயின், சில கிலோபைட் கோப்பை நினைவகம் நிரம்பும்வரை விரியவைக்கும் தாக்குதலுக்கு எதிராக டிஃபியூஸ்டு-எக்ஸ்எம்எல் லைப்ரரி இருக்கிறது. இணையப் பக்கத்திலுள்ள அட்டவணையை எடுக்கப் பியூட்டிஃபுல் சூப் உதவும்.

சொந்தமாக எழுத வேண்டிய நேரம்

எந்த லைப்ரரிக்கும் தெரியாத வடிவமும் வரலாம். மின்னணுத் தராசு ஒன்று தன் வழக்கப்படி கக்கும் வரிகளும், பழைய கணக்கு மென்பொருள் அச்சடிப்பதற்காகத் தயாரித்த அறிக்கைகளும் அப்படிப்பட்டவை. அப்போதும் அடியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நிரல்கள் குறித்த அகலத்தில் நேராக நிற்கும் அறிக்கையைப் பண்டாஸின் ரீட்-எஃப்டபிள்யூஎஃப் கட்டளை பிரித்துத் தரும். சிக்கலான இலக்கணம் கொண்ட வடிவத்துக்கு லார்க், பைபார்சிங் போன்ற கருவிகளிடம் விதிகளை எழுதிக் கொடுத்தால், பார்சரை அவையே கட்டிக்கொள்ளும். சொந்தமாகச் சிஎஸ்வி பார்சர் எழுதிப் பார்ப்பது நல்ல பயிற்சி, விருப்பமுள்ளவர்கள் விடுமுறையில் தாராளமாக எழுதலாம், அதை ஒருவருடைய சம்பளக் கணக்கில் மட்டும் பயன்படுத்த வேண்டாம்.

தராசு வாங்கிய கடையிலோ, பழைய மென்பொருளைப் பராமரிப்பவரிடமோ, தரவைச் சிஎஸ்வியாக வெளியே எடுக்கும் வசதி உண்டா என்று எதையும் எழுதத் தொடங்கும் முன் கேட்டுவிடுங்கள். பல கருவிகளில் அந்தத் தெரிவு அமைப்புப் பட்டியலுக்குள் யாரும் தொடாமல் இருக்கும்.